அழுகை நோட்டீஸ்

பர்சை உள்ளே வையுங்கள் அம்மா. பணம் கேட்க வரவில்லை.

என்னைத் தெரிகிறதா? ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள், காலை பதினொன்று பத்துக்கு இதே வாசலில் நின்றேன். நீங்கள் ஐந்நூறு ரூபாய் கொடுத்தீர்கள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் உள்ளே திரும்பி, "பாவம், வாய் பேச வராது போல"ன்னு யாரிடமோ சொன்னீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். வாயும் பேசும். பேசாமல் நிற்பதுதான் அப்போது என் வேலையாக இருந்தது.

இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அன்றைக்கு உங்கள் கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்தேனே, தட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண் பிள்ளை அழுகிற படம், கீழே "மூன்று நாளாகச் சாப்பிடவில்லை" என்று சிவப்பு எழுத்து. அதைத் திருப்பி வாங்கத்தான் வந்தேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறதா? நல்லது. எடுத்து வாருங்கள், நான் நிற்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டதே. ஐப்பசியில் வெளியே கிளம்பினால் இப்படித்தான். இல்லை, உள்ளே வேண்டாம். இந்த போர்டிகோவிலேயே ஓரமாக நிற்கிறேன். நாற்காலியா? சரி. காபி வேண்டாம் அம்மா. வசூலுக்குப் போன வீட்டில் தண்ணீரைத் தவிர எதுவும் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

என் பெயர் தையல்நாயகி. அந்த நோட்டீஸ் அடித்த டிரஸ்ட்டில் என்னைத் "தையல் மேடம்" என்பார்கள். ஒரு பெண் மூன்று வாரம் கழித்து என்னிடம் ஜாக்கெட் துணியை நீட்டினாள்.

இருபத்தேழு வருஷம் நான் சத்துணவுச் சமையலர். திருவெறும்பூர் தாண்டி ஒரு ஒன்றியத் துவக்கப் பள்ளி. அமைப்பாளர் அம்மாவுக்கு இரண்டு பள்ளிக்கூடப் பொறுப்பு. கையெழுத்துப் போட வருவார்கள், போவார்கள். அரிசி அளப்பது, பருப்பு அளப்பது, முட்டை எண்ணுவது எல்லாம் என் கை. நான் எட்டாவதுதான் படித்தேன். ஆனால் என் எண்ணிக்கை தப்பி ஒரு நாளும் ஒரு பிள்ளைக்குச் சோறு குறைந்ததில்லை. அதை எந்த அதிகாரியிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

போன வருஷம் மே மாதம் ரிடையர் ஆனேன். மாதம் இரண்டாயிரம் வருகிறது. மகன் கோவையில் லேத் பட்டறையில் இருக்கிறான். அப்பா இல்லாத பிள்ளை, ஒருத்தியாக வளர்த்தேன். "வந்து எங்ககூட இரும்மா"ன்னுதான் சொல்கிறான். அங்கே ஒரே அறை. கை கால் நன்றாக இருக்கும்போது எதற்குப் போய் இடத்தை அடைக்க வேண்டும்?

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள், டிரஸ்ட்டில் ஆள் எடுக்கிறார்கள், ஏழை பிள்ளைகளுக்கு நன்கொடை வாங்கித் தரும் வேலை, வயதானவர்களையும் எடுக்கிறார்கள் என்று. பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள்தானே, இதுவும் அதன் தொடர்ச்சி என்று நினைத்துப் போனேன். அறுபது வயதில் புது வேலை.

மேனேஜர் பெயர் நிவாஸ். இருபத்தொன்பது வயது. அதற்கு முன்னால் கிரெடிட் கார்டு விற்றவராம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேச வருமா மேடம்?" என்றார்.

"தெரியாதவங்ககிட்ட பேச எனக்குக் கூச்சம் சார்."

"கேக்கவாவது வருமா?"

"யார்கிட்டயும் எதுவும் கேட்டுப் பழக்கம் இல்லை சார்."

வேலை கிடைக்காது என்று எழுந்துவிட்டேன். அவர் கையைத் தட்டினார். "அதேதான் மேடம் வேணும்! நீங்க வாயைத் திறக்கவே வேணாம். இந்தப் புடவை, இந்தக் கண்ணாடி, இந்தக் கூச்சம். நோட்டீஸை நீட்டிட்டு தலையைக் குனிஞ்சு நில்லுங்க, போதும்."

அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் மாதம் ஒன்பதாயிரம் என்றார்.

முதல் வாரம் பயிற்சி. ஒரு ஹாலில் பதினைந்து பெண் பிள்ளைகள் காதில் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நிவாஸ் சார் நடுவில் நடந்துகொண்டே சொல்வார்: "'பசி'ங்கிற வார்த்தை முதல் மூணு வரிக்குள்ள வந்துடணும். குரல் தழுதழுக்கணும், ஆனா அழுதுடக் கூடாது. நீங்க அழுதா அவங்க அழ மாட்டாங்க." அந்தப் பிள்ளைகளும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்து, "ஐயா... பசி ஐயா..." என்று பழகுவார்கள். பழகிவிட்டுச் சிரிப்பார்கள். ஒருத்தி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே தழுதழுப்பாள்.

யாராவது பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டால் மேஜையில் இருக்கிற மணியை அடிக்க வேண்டும். முதல் நாள் ஒருத்தி மணியை அடித்து, "சார், அந்த ரிடையர்டு டாக்டர் விழுந்துட்டார்!" என்று கத்தினாள். நான் பதறி எழுந்துவிட்டேன், மாடிப்படியில் யாரோ விழுந்துவிட்டார் என்று. எல்லாரும் கைதட்டுகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துப் பெண்தான், "விழுந்துட்டார்னா பணம் தர ஒத்துக்கிட்டார்னு அர்த்தம் மேடம்" என்றாள். கொடுக்கிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நீங்களும் விழுந்தவர்தான் அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் சொல்லவில்லை, அவர்கள் சொல்வது.

மாதக் கடைசியில் கேக் வெட்டினார்கள். கேக் பெட்டியை வைக்க வேறு இடம் இல்லாமல் நோட்டீஸ் கட்டின் மேலேயே வைத்தார்கள். மேல் நோட்டீஸில் பிள்ளையின் கன்னத்தில் கிரீம் ஒட்டிக்கொண்டது. ஒருத்தி அதை விரலால் வழித்து நக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். பாதிக் கேக் குப்பைக் கூடைக்குப் போயிற்று. நான் ஒரு துண்டு கூடத் தொடவில்லை. சோறு கொட்டினால் என்ன தண்டனை என்று என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

டிரஸ்ட் நடத்துகிற பிள்ளைகள் இல்லத்தையும் போய்ப் பார்த்தேன். மோசம் என்று சொல்ல முடியாது. கட்டில் இருக்கிறது, சோறு இருக்கிறது. பிள்ளைகளை எண்ணினேன். பதினான்கு. நோட்டீஸில் நூற்று நாற்பது என்று இருந்தது. நிவாஸ் சாரிடம் கேட்டேன். "ஒரு சைபர் கூடிடுச்சு மேடம், பிரிண்டிங் மிஸ்டேக்" என்றார். அடுத்த தடவை திருத்திவிடுகிறேன் என்றும் சொன்னார். சரி என்று நானும் என் வேலையைப் பார்த்தேன். அச்சடிப்பது என் பொறுப்பு இல்லையே.

எனக்கு ஒரு பழக்கம். எதையும் குறித்து வைக்காமல் இருக்க முடியாது. அப்போது இரண்டு விதமான நோட்டீஸ் இருந்தது. ஒன்றில் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு சிலேட்டைக் காட்டும். இன்னொன்றில் இந்தப் பிள்ளை அழும். ஆபீஸில் சிரிப்பு நோட்டீஸ், அழுகை நோட்டீஸ் என்பார்கள். நான் பாட்டுக்கு என் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். சிரிப்பை நீட்டின நாற்பது வீட்டில் ஆறு வீடு கொடுத்தது. அழுகையை நீட்டின நாற்பது வீட்டில் பதினேழு.

நிவாஸ் சார் என் நோட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் குதித்தார். "மேடம், இதைத்தான் டேட்டாங்கிறது!" சிரிப்பை நிறுத்திவிட்டார். அழுகையைப் பத்தாயிரம் அடித்தார். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நல்ல ஹாட்பாக்ஸ் அம்மா. நாலு மணி நேரம் சோறு சூடாக இருக்கிறது. அவர்கள் எதைச் செய்தாலும் எண்ணிப் பார்ப்பதில்லை, நான் எண்ணினேன். அவ்வளவுதான் என் பங்கு.

இப்படி நான் கொடுத்து, பணம் வந்த வீடு இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு வீட்டிலும் ஒரு பொய் சொன்னதில்லை. வாயைத் திறந்தால்தானே பொய்.

நிற்கிறதா மழை? இல்லை, இன்னும் வலுக்கிறது. உங்களுக்கு அடுப்பில் ஏதாவது இருந்தால் போய்ப் பாருங்கள். இல்லையா? சரி, சொல்கிறேன்.

ஆவணி மாதம் புத்தூர் பக்கம் ஒரு பெரியவர் வீடு. நில அளவை இலாகாவில் இருந்தவராம். நோட்டீஸை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பூதக்கண்ணாடியோடு வந்தார். ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"ஏம்மா, இந்தத் தட்டு விளிம்புல புள்ளி புள்ளியா என்னமோ குத்தியிருக்கே, என்னது அது?"

நான் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். முப்பத்தொன்று. மூன்றுக்கு ஏழு புள்ளி, ஒன்றுக்கு நாலு புள்ளி. அது நான் குத்தினது. பள்ளிக்கூடத் தட்டுகள் காணாமல் போகின்றன என்று ஒரு கோடை லீவில் உட்கார்ந்து, எண்பது தட்டிலும் ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டி நம்பர் போட்டேன். மூன்றை அப்படிக் கோணலாகப் போடுகிறவள் நான் ஒருத்திதான்.

தட்டு தெரிந்ததும் முகம் தானாக வந்துவிட்டது. அதுவரை நான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அழுகிற பிள்ளை முகத்தை உற்றுப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. கழுத்தில் கறுப்புக் கயிறு, புருவத்தில் தழும்பு. சூர்யகலா. மூன்றாம் வகுப்பு. பதினாலு வருஷத்துக்கு முந்தினது.

அதற்குக் கீழே சிவப்பில், "மீனு, 7 வயது. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை."

என் தட்டு. என் சோறு. என் சமையல்கட்டு. அந்தத் தட்டின் மேல் இப்படி ஒரு எழுத்து! அதைப் பத்தாயிரம் அடித்து, அதை என் கையிலேயே கொடுத்து வீடு வீடாக அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தேழு வருஷம் நான் யாரையும் பட்டினி போட்டதில்லை அம்மா. பெரியவர் நூறு ரூபாயை நீட்டிக்கொண்டே நிற்கிறார். நான் வாங்காமல் வந்துவிட்டேன். அவர் வீடு என் இருநூற்றுப் பன்னிரண்டில் சேராது.

நேராக நிவாஸ் சார் மேஜைக்குப் போனேன்.

"சார், இந்தப் பிள்ளை சாப்பிட்டவ."

"எந்தப் பிள்ளை மேடம்?"

"இது. இது என் தட்டு."

"உங்க தட்டா? நெட்ல எடுத்த படம் மேடம் இது."

"மூணு நாளா சாப்பிடலைன்னு போட்டிருக்கீங்க. சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் லீவு. அதைச் சேர்த்தாலும் ரெண்டு நாள்தான் சார் ஆகுது. மூணு எப்படி வரும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "மேடம், அது கணக்கு இல்லை. அது ஒரு உணர்வு."

"உணர்வுக்கு எதுக்கு சார் நம்பர்?"

போன் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நிவாஸ் சாருக்குச் சங்கடமாகிவிட்டது. "சரி மேடம், ஒண்ணு செய்யுங்க. அந்தப் பொண்ணே, 'இது நான்தான், அன்னிக்கு நான் சாப்பிட்டேன்'னு எழுதிக் கொடுக்கட்டும். அத்தனை நோட்டீஸையும் எடுத்துடறேன்" என்றார். கிடைக்க மாட்டாள் என்ற தைரியம்.

நான்கே நாளில் கண்டுபிடித்தேன். காட்டூரில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். நான் போய் நின்றதும், "ஆயா!" என்று கூவிவிட்டாள். எங்களை அப்படித்தான் கூப்பிடும் பிள்ளைகள். "என்ன ஆயா, முடியெல்லாம் இப்படி வெளுத்துடுச்சு? கண்ணாடி வேற!" ஸ்டூலை இழுத்துப் போட்டாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இந்தப் பிள்ளையைத்தானே பட்டினி கிடந்ததாக ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள்.

நோட்டீஸைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "ஐயோ, மூக்கு ஒழுகுது பாருங்க!" கடையில் இருந்த இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ஏய், இது நான்டி. எனக்கு மீனுன்னு பேர் வச்சிருக்காங்க."

"மீனு, பில்லைப் போடு. ஆள் நிக்குது" என்றாள் அவள்.

ஒருவர் காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தார். கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி படத்தை எடுத்துப் பார்த்தாள். "இது அந்த முட்டை நாள் ஆயா" என்றாள்.

"எந்த முட்டை நாள்?"

"காலேஜ் அண்ணனுங்க கேமரா எடுத்துக்கிட்டு வந்தாங்கல்ல, அன்னிக்கு. நான் முட்டையைப் பாவாடைப் பாக்கெட்ல ஒளிச்சு வச்சிருந்தேன், தம்பிக்குக் கொண்டு போகலாம்னு. அவனுக்கு அப்ப மூணு வயசு. நீங்க கரண்டியோட வந்து, 'என்னடி பாக்கெட் புடைச்சிருக்கு'ன்னு கேட்டீங்க."

எனக்கு நினைவு வந்தது. நானாகத்தான் சொல்கிறேன் அம்மா, மறைக்க மாட்டேன். முட்டையை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. அதுதான் விதி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை, என் கண் முன்னால் உட்கார்ந்து தின்ன வேண்டும். ஒன்றை விட்டால் நாளைக்குப் பத்துப் பிள்ளைகள் பாக்கெட்டில் போடும். பெற்றவர்களே வாங்கிவரச் சொல்லி அனுப்புவார்கள். "இங்கயே தின்னு, இல்லைன்னா குடு"ன்னு சொன்னேன். அவள் தின்னவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டாள். தின்னாத பிள்ளைக்கு முட்டை எதற்கு? கையை நீட்டினேன், கொடுத்துவிட்டாள். அப்புறம் அழுதாள். அதைத்தான் எவனோ படம் பிடித்திருக்கிறான்.

ஆக, அது பசி அழுகை இல்லை. எனக்கு மூச்சு வந்தது. நான் அவளைக் கேட்டேன்.

"அன்னிக்குச் சோறு போட்டேனா?"

"போட்டீங்க."

"சாம்பார்?"

"ரெண்டு கரண்டி."

"முட்டை?"

"போட்டீங்க ஆயா. திரும்ப வாங்கிக்கிட்டீங்க."

"போட்டேனா இல்லையா?"

"போட்டீங்க."

"அப்ப பசி எங்கேருந்துடி வந்தது?"

அவள் கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அது வீட்ல இருந்துச்சு ஆயா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். தம்பி இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறானாம். இவளைவிட ஒரு அடி உயரமாம். முட்டையைக் கண்டாலே ஓடுவானாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குத்தான் அந்த வார்த்தை பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சோறு போடத்தான் என்னை வைத்தார்கள். வீட்டுக்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாவேன்? நீங்களே சொல்லுங்கள்.

எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். மறுக்காமல் பில் தாளின் பின்பக்கம் எழுதினாள். "இந்தப் படத்தில் இருப்பது நான்தான். என் பெயர் மீனு இல்லை. அன்று பள்ளியில் சோறு சாப்பிட்டேன். முட்டை போட்டார்கள்." கையெழுத்து, தேதி. "முட்டை சாப்பிட்டேன்னு எழுதுடி"ன்னு சொன்னேன். "போட்டாங்கன்னே இருக்கட்டும் ஆயா. அதுதானே நடந்துச்சு" என்றாள். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அல்லவா.

அந்தத் தாளோடு நிவாஸ் சாரிடம் போனேன். அங்கேதான் என் வாய் கெட்டது. இத்தனை நாள் பேசாதவள் அன்றைக்கு எல்லாவற்றையும் பேசித் தொலைத்தேன். பசியில் அழவில்லை என்று நிரூபிக்க வேண்டுமே. பாக்கெட்டில் முட்டை வைத்தது, தம்பிக்கு என்று வைத்தது, நான் கண்டுபிடித்தது, வாங்கினது எல்லாம் சொன்னேன்.

அவர் கண் விரிந்துகொண்டே போயிற்று. மேஜையைத் தட்டினார். "மேடம்! இதை விட்டுட்டு இத்தனை நாள் மூணு நாளு, நாலு நாளுன்னு நான் எழுதிட்டிருந்தேனே!" எழுந்து நின்று ஹாலுக்கே சொன்னார்: "கேளுங்க எல்லாரும்! தம்பிக்காக முட்டையை ஒளிச்சு வச்ச அக்கா! அதையும் பிடுங்கிட்ட ஆயா!"

பதினைந்து பிள்ளைகளும் "ஐயோ..." என்றார்கள். அந்த நகச்சாயக்காரி உண்மையாகவே கண்ணைத் துடைத்தாள். யாரோ மணியை அடித்தார்கள். அம்மா, அந்த மணிச் சத்தத்தில் எனக்கு வாந்தி வந்துவிட்டது. பாத்ரூமுக்கு ஓடினேன்.

திரும்பி வந்து சொன்னேன்: "நான் பிடுங்கல சார். கேட்டு வாங்கினேன்."

"அதேதான் மேடம்."

"ரெண்டும் ஒண்ணு இல்லை சார்."

"கவலைப்படாதீங்க, உங்க பேரு வராது. யாரோ ஒரு ஆயான்னு போட்டுக்கலாம்."

"அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரே ஆயாதான் சார்."

"அவ சம்மதிக்கலைன்னாகூட வேற பொண்ணை வச்சுப் படம் எடுத்துக்கலாம். கதைதான் மேடம் முக்கியம். 'ஈரமில்லாத ஆயா'ன்னு போடலாமா, 'கல்நெஞ்ச ஆயா'ன்னு போடலாமா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் இது நல்லா வரும்."

சீ! என்ன மனுஷன். ஒருத்தியின் கண்ணீரை எடுத்துக் கடையில் வைத்தான். அது பொய் என்று போய்ச் சொன்னால், அந்தச் சொல்லையும் பொறுக்கி எடுத்துக் கடையில் வைக்கிறான். அன்றைக்கே பையை, அடையாள அட்டையை, மிச்ச ரசீதுப் புத்தகங்களை ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். ஹாட்பாக்ஸைக் கேட்கவில்லை. அது பரிசு.

பழைய நோட்டீஸை எடுத்துவிட்டார்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதுசு அடித்தாகிவிட்டது. அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு வரும். வேறு யாராவது தலையைக் குனிந்து நீட்டுவார்கள். அதில் ஒரு ஆயா வருவாள். பிடுங்கினாள் என்று இருக்கும். அது வருவதற்குள் நான் பணம் வாங்கின வீடு ஒவ்வொன்றுக்கும் போய், என் கையால் கொடுத்ததை என் கையால் திருப்பி வாங்கிக்கொண்டு, நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். உங்கள் வீடு நூற்று நாற்பத்தொன்று. மற்ற வீடுகளில், "அந்தப் பிள்ளை சாப்பிட்டவள், புது நோட்டீஸை நம்பாதீர்கள்" என்று மட்டும் சொல்வேன். கொடுத்துவிடுவார்கள். பலபேர் எப்போதோ கிழித்துப் போட்டிருந்தார்கள், அதையும் குறித்துக்கொண்டேன். உங்களிடம்தான் மழை என்னை இவ்வளவு பேச வைத்துவிட்டது.

என்ன கேட்டீர்கள்? சரியாகக் காதில் விழவில்லை.

அந்த முட்டை என்ன ஆயிற்று என்றா?

இதை யாருமே கேட்கவில்லை. சூர்யகலாவும் கேட்கவில்லை, நிவாஸும் கேட்கவில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது. சூர்யகலாவைப் பார்த்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. அன்றைக்குச் சாப்பிட்டவர் அறுபத்து மூன்று. முட்டை அறுபத்து மூன்று. மிச்சம் ஒன்று. வேகவைத்த முட்டையை மறுநாளைக்கு வைக்க முடியாது, அம்மா. ரிஜிஸ்டரில் மிச்சம் காட்ட இடமும் கிடையாது. குப்பையில் போடலாமா? உணவை நான் குப்பையில் போட்டதில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். என் பையன் அப்போது பத்தாவது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஈர்க்குச்சி மாதிரி இருப்பான். உரித்துக் கொடுத்தேன், உப்புக்கூட இல்லாமல் இரண்டே வாயில் தின்றான். என் நோட்டில் மறைக்கவில்லை, அப்படியே எழுதியிருக்கிறேன்: "மிச்சம் 1. வீட்டுக்கு."

அது மிச்சம், அம்மா. மிச்சமானதை எடுத்துப் போவதும், போட்டதை ஒளித்துக்கொண்டு போவதும் ஒன்றா?

மழை விட்டுவிட்டது. இன்னும் எழுபத்தொரு வீடு இருக்கிறது எனக்கு. அதைக் கொடுங்கள், கிளம்புகிறேன்.

கொடுங்கள் அம்மா. எதற்கு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? அதில் ஒன்றும் இல்லை. மூக்கு ஒழுகுகிற ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

தர மாட்டீர்களா? உங்களிடமே இருக்கட்டுமா?

இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. இல்லை, வற்புறுத்த மாட்டேன், யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லை. பேனா மட்டும் இருந்தால் கொடுங்கள். என்னுடையது நனைந்துவிட்டது. குறித்துக்கொள்கிறேன்.

நூற்று நாற்பத்தொன்று. மிச்சம் ஒன்று.